தகடு நான்கு

கொட்பேயில் உறைபனி பார்க்க ஆசைப்படுகிறவர்கள்
மூன்றாம் இலக்க அறைக்கு வர வேண்டும்.
வெளியே முப்பத்துநாலு பாகை. கடற்காற்று
சட்டையை நனைத்துப் பிழிந்து மறுபடி உடுத்திவிடுகிறது.
உள்ளே கழித்தல் பதினெட்டு,
சூரையும் கெலவல்லாவும் கண் மூடாமல் படுத்திருக்கின்றன.

கதவு திறக்கும்போதெல்லாம்
திருகோணமலையின் ஈரம் எங்களோடு உள்ளே வரும்,
குளிர்ச்சுருளில் போய்க் குந்தும்.
காலையில் அது வெள்ளை மயிர். இரவில் கல்.
பாஹிம் உளியால் கொத்துவான்.
போன வைகாசியில் உளி குழாய்க்குள் இறங்கி
வாயு சீறி
முதலாளியின் ஒன்பது தொன் மீன் பசளையாகிப் போனது.

அதனால்தான் நான் வந்தேன்:
ஆறு அலுமினியத் தகடுகள், ஆறு பூச்சுகள்,
ஒரு இழுவைத் தராசு, ஒரு சீ.ஆர். கொப்பி.
பல்பகுதியம் என்று பாடப்புத்தகம் சொல்லும்.
பாஹிமுக்கு அது 'மிஸ்ட பெயின்ட்.'

இரண்டாம் தகட்டைத்தான் நம்பியிருந்தேன்.
தாமரை இலையைப் பார்த்துச் செய்த பூச்சு.
மேசையில் வைத்துத் துளி விட்டால்
கால் பதிக்காமல் உருண்டோடும்,
காலங்காலமாக நாங்கள் உவமை சொல்லி வந்தது சரிதான்
என்பதுபோல.
உள்ளே மாட்டினேன்.
ஈரம் துளியாக வரவில்லை. ஆவியாக வந்தது.
பூச்சின் நுண்மேடுகளுக்கு நடுவே நுழைந்து
அங்கேயே உறைந்து வேர்விட்டது.
மூன்றாம் நாள் இழுத்தேன்.
தராசின் கொளுக்கி நிமிர்ந்தது. பனி அசையவில்லை.
"இவன் கடன்காரன் மிஸ்," என்றான் பாஹிம்,
"புடிச்சா விடமாட்டான்."

நான்காவது, மெத்தென்ற சிலிக்கோன்.
கணவாய்த் தோல்போல விரலுக்கு இணங்கும்.
அதில் பனி பிடித்தது, தாராளமாக,
ஒரு தகராறும் இல்லாமல்.
'தோல்வி' என்று எழுதினேன்.
நல்ல காலம், பென்சிலால்.

பதினேழாம் திகதி இரவு இரண்டரைக்குக் கரண்ட் போனது.
ஜெனரேட்டர் இருமியது, எடுக்கவில்லை.
விசிறிகள் ஓய்ந்தபின்
துறையில் படகுகள் ஒன்றையொன்று உரசும் சத்தம் மட்டும்.
பத்து நிமிடம் இருக்கும்.
பிறகு உள்ளே, தகரத் தட்டத்தில்,
ஏதோ ஒன்று தன் முழு எடையோடு வந்து விழுந்தது.

டோர்ச்சோடு ஓடினேன்.
நான்காம் தகடு வெறுமை.
கீழே கைமொத்தப் பனி, ஒரே பலகையாக.
கொத்தவில்லை, இழுக்கவில்லை.
ஓரம் சற்றே இளகியதும்
தன் பாரத்தாலேயே கழன்றிருக்கிறது.

சிரித்துக்கொண்டே வெளியே வந்தேன், யாரிடமாவது சொல்ல.
காவலாளி தங்கவடிவேல்
முற்றத்தில் குப்புறக் கிடந்தார்.
இரு கைகளும் பிடரியில் கோத்தபடி,
வாயை மட்டும் கொஞ்சம் திறந்து வைத்தபடி.
அறுபத்தொரு வயது.
கதிரை இன்னும் ஆடிக்கொண்டிருந்தது.

எழும்பினார். சாரத்தை உதறினார்.
"ஐஸ்தானே," என்றார்,
நான் கேட்காத கேள்விக்கு.

02.40. தகடு நான்கு. இழுவிசை பூச்சியம்.
'தோல்வி'யை அழித்தேன்.
இன்னும் முப்பது சுற்று ஓட்டிப் பார்க்க வேண்டும்.
பூச்சு ஓரத்தில் உரியலாம்,
மீனெண்ணெய் பட்டுக் கெடலாம்,
பழக்கதோசத்தில் பாஹிமின் உளி ஒருநாள் பாயலாம்.
எல்லாவற்றுக்கும் கொப்பியில் நிரல் கீறியிருக்கிறேன்.
கதிரைக்கும் தரைக்கும் இடைப்பட்ட அந்தக் கணத்துக்குக்
கீறவில்லை.

அவருடைய முழங்கை சிராய்ந்திருந்தது.
விழுந்த பலகையில் ஒரு துண்டு உடைத்துக் கொடுத்தேன்.
தோலில் அது முதலில் ஒட்டியது.
இருவரும் பார்த்துக்கொண்டு நின்றோம்.
பிறகு விட்டது.